திருக்காவலூருக்கு வந்தவர்

கொள்ளிடத்தின் வடகரையிலே, இன்றைய அரியலூர் மாவட்டத்துத் திருமானூர் ஒன்றியத்தில் அமைந்திருக்கும் ஏலாக்குறிச்சி, வந்தேறிய குடிகளால் வளர்ந்த ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆற்றுக்குத் தெற்கே தஞ்சை மராத்திய அரசில் துன்பத்துக்கு ஆளான கிறிஸ்தவக் குடும்பங்கள், மூட்டை முடிச்சுகளோடு ஆற்றைக் கடந்து வந்து புகலிடம் தேடியது இங்கேதான். அக்காலத்தில் அரியலூர்ச் சீமையை ஆண்ட மழவராயர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அவ்வூர்க் கோயிலில் எழுந்தருளியிருக்கும் அன்னைக்கு அடைக்கல மாதா என்ற திருநாமம் வழங்குவதை இந்தச் சரித்திரத்தோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

இத்தகைய ஊருக்குத்தான், இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680ஆம் ஆண்டு பிறந்து, ஏசு சபைத் துறவியாகி, முப்பது வயதுக்கு மேல் தமிழகம் வந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி வந்து சேர்ந்து, நெடுங்காலம் தங்கினார். தமிழர் அவரை வீரமாமுனிவர் என்று போற்றுகிறோம்.

அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, காவியுடுத்து, புலால் நீக்கி, இந்நாட்டுத் துறவிகளின் ஆசாரங்களை மேற்கொண்டு வாழ்ந்து வழிகாட்டியிருந்தார். வீரமாமுனிவரும் உடையிலும் உணவிலும் அவ்வழியே சென்றார். எனினும், உடையை மாற்றுவது ஒரு நாள் காரியம். முப்பது வயதைத் தாண்டிய ஒருவர், தம் நாட்டிலே கற்றவர் என்று பெயரெடுத்தபின், வேற்றூரில் ஓர் ஆசிரியர் முன் அமர்ந்து அகரம் முதலாகத் தொடங்கும் பணிவு அவ்வளவு எளிதன்று. சுப்பிரதீபக் கவிராயரிடம் அவர் பாடம் கேட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. மாணாக்கராக வந்தவரை அந்நியர் என்று ஒதுக்க எந்த ஊருக்கும் மனம் வருவதில்லை. அவருக்குக் கிடைத்த சிநேகங்களுக்கெல்லாம் மூலகாரணம் இதுவே என்பது என் துணிபு.

புதிதாக வந்தவருக்கு இடறும் இடங்கள், அங்கேயே பிறந்து வளர்ந்தவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓலைச் சுவடியில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்ற அச்சத்தால், ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிடுவது வழக்கம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இருந்த வேறுபாடு அந்தப் புள்ளி ஒன்றே. அது மறைந்தபின், செடி என்று எழுதியிருக்கிறதா, சேடி என்று எழுதியிருக்கிறதா என்பதை இடம் நோக்கித்தான் அறிய வேண்டும். தமிழ் வீட்டில் பிறந்தவர் பொருளை உணர்ந்து தயக்கமின்றி வாசித்துப் போவார். பிற்காலத்தில் கற்கத் தொடங்கியவரோ அடிக்கு அடி நிற்பார். அப்படி நின்ற ஒருவர்தாம், ஏகாரத்துக்குக் காலும் ஓகாரத்துக்குச் சுழியும் இட்டு, உயிர்மெய் நெடிலுக்கு இரட்டைக் கொம்பும் அமைத்து, அந்தக் குழப்பத்தை நீக்கினார். இன்று பள்ளிப் பிள்ளை முதல் பத்திரிகாசிரியர் வரை எல்லாரும் எழுதுவது இந்த முறையையே.

சதுரகராதியும் இவ்வாறு பிறந்ததே. நிகண்டுகள் செய்யுளில் அமைந்து, இளமையிலேயே நெட்டுருப் போடுவதற்கென்று இயற்றப்பட்டவை. வயது வந்தபின் வந்தவருக்கு, வேண்டும்போது புரட்டி ஒரு சொல்லைத் தேடி எடுக்கும் நூலன்றோ தேவை? பெயர், பொருள், தொகை, தொடை என்ற நான்கு பிரிவுகளோடு, சொற்களை அகர வரிசையில் நிறுத்தி 1732இல் அவர் முடித்த அந்த நூல், தமிழ் அகராதிக் கலைக்கு முதற்படியாயிற்று. பண்டிதர்க்கென்று ஐந்திலக்கணமும் அடங்கிய தொன்னூல் விளக்கத்தைச் செய்தவரே, சந்தையிலும் திண்ணையிலும் வழங்கும் பேச்சுத் தமிழுக்கு லத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் வகுத்து, தமக்குப் பின் வரும் பாதிரிமாருக்குக் கொடுத்தார். தாம் இடறிய வாயிற்படியைச் செதுக்கிச் சமனாக்கிவிட்டு உள்ளே சென்றவர் என்று அவரைச் சொல்லலாம்.

மழவராயர் ஒருவருக்கு ராஜபிளவை கண்டு வைத்தியர் கைவிட்ட நிலையில், முனிவர் மருந்தாலும் வேண்டுதலாலும் குணப்படுத்தினார் என்றும், அதற்கு நன்றியாகக் கோயிலுக்கு நிலம் வழங்கப்பட்டதென்றும் ஏலாக்குறிச்சியில் இன்றும் சொல்லுவார்கள். அதில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு பக்தி என்று பிரித்துக் காண்பதில் எனக்கு ஆவலில்லை. வேற்று மதத்து ஆட்சியாளரும் வேற்று நாட்டுத் துறவியும் ஒருவரையொருவர் நம்பினார்கள் என்பதை அவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருப்பதே போதும்.

சூசையப்பரின் வரலாற்றைப் பாடும் தேம்பாவணி, முப்பத்தாறு படலங்களில் மூவாயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்ட செய்யுட்களைக் கொண்டது. அதில் யூதேய நாட்டை வருணிக்கும்போது, நாட்டுப் படலம், நகரப் படலம் என்ற நம் காவிய மரபின்படியே தொடங்கி, நீர் பாயும் வயல்களையும் சோலைகளையும் அங்கே கொண்டுபோய் வைக்கிறார். பிறந்த நாட்டின் காட்சியை எண்ணி ஏங்குபவர் இப்படிப் பாடியிருக்க இயலாது. கண்முன் இருந்த கொள்ளிடக் கழனிகளே அவருக்குப் புண்ணிய பூமியாகிவிட்டன. தம்மை ஏற்றுக்கொண்ட ஏலாக்குறிச்சிக்கோ திருக்காவலூர் என்று பெயரிட்டு, கலம்பகம் ஒன்றையே பாடி வைத்தார்.

அவர் 1747இல் காலமானார். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. அது தக்க சிறப்புத்தான். ஆனால் அந்நியருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்களையும், இடம் கொடுத்த மழவராயர்களையும், அவரோடு பேசிப் பேசியே பேச்சுத் தமிழைக் கற்றுக்கொடுத்த பெயர் தெரியாத குடியானவர்களையும் நாம் போதிய அளவு நினைப்பதில்லை. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாணவர்களை ஒருமுறை ஏலாக்குறிச்சிக்கு அழைத்துச் செல்லுங்கள், அங்கே திருக்காவலூர்க் கலம்பகத்தை அவர்கள் காதில் விழ வாசித்துக் காட்டுங்கள்.