தோல்விக்குப் பிந்தைய செய்தியாளர் சந்திப்பு (கால்பந்து)

ஆட்டம் முடிந்ததும் அணியின் மேலாளர் ஊடகங்களுக்குப் பதிலளிக்கும் நிகழ்வு. இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் இது மேலாளரின் கடமை. தோற்றாலும் தட்டிக்கழிக்க முடியாது. அணி தொடர்ந்து சறுக்கும்போது மேலாளர்கள் பெரும்பாலும் ஆட்டக்காரர்களை வெளிப்படையாகக் குறை சொல்வதில்லை. நடுவரின் முடிவு, வீரர்களின் காயம், நெருக்கமான ஆட்ட அட்டவணை ஆகியவற்றைக் காரணம் காட்டுவார்கள். அல்லது பழியைத் தாமே ஏற்பார்கள்.

பேச்சைத் திசைதிருப்பும் உத்திக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஜோசே மொரீனியோ. 2018 ஆகஸ்ட் 27 அன்று அவர் மேலாளராக இருந்த மான்செஸ்டர் யுனைடெட், சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் டோட்டன்ஹாமிடம் 0–3 எனத் தோற்றது. கேள்விகள் நெருக்கியபோது அவர் மூன்று விரல்களை உயர்த்திக் காட்டினார். அதற்கு இரு பொருள்: எதிரணி அடித்த கோல்கள் மூன்று. செல்சி அணியுடன் தாம் வென்ற பிரீமியர் லீக் பட்டங்களும் (2005, 2006, 2015) மூன்று. லீகின் மற்ற 19 மேலாளர்களும் சேர்ந்து வென்ற பட்டங்கள் இரண்டுதான் என்றார். மரியாதை வேண்டும் என்பதை ‘ரெஸ்பெக்ட்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னபடியே எழுந்து வெளியேறினார். அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.