கூத்துமாடத்தில் கம்பன்

உயர்ந்த கலை எளிதில் விளங்காது. விளங்கிவிட்டால் அது உயர்ந்ததன்று என்றொரு கருத்து கற்றோரிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. கம்பன் காவியத்தைச் சான்று காட்டி இதனை நிறுவ முயல்வாரும் உளர். அன்னவர் ஒருமுறை பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தைக் காணுதல் நலம்.

மூணாற்றை அடுத்த சித்திரபுரம் போன்ற மலையூர்களில் தேயிலைத் தோட்டங்களை நம்பிக் குடியேறிய தமிழருக்குக் கம்பன் தாயகத்துச் செல்வம். கேரளத்தின் மற்றொரு புறமாகிய பாலக்காட்டிலோ, மலையாளம் பேசும் ஊர்களின் நடுவே அவன் கோயில் வழிபாடாகவே நிலைபெற்றுவிட்டான்.

அங்குப் பகவதி கோயில்களின் முன்னே கூத்துமாடம் என்னும் நிலையான மேடை உண்டு. திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள். அவற்றின் ஒளியில் மான்தோற் பாவைகள் நிழலாடும். 7 இரவுகளும் நடைபெறுவதுண்டு, 71 இரவுகளும் நடைபெறுவதுண்டு. தாருகனோடு போரிட்டமையால் இராவண வதத்தைக் காணாது போன காளிக்கு அதனைக் காட்டுவதே இக்கூத்து என்பது ஐதிகம்.

கம்பன் பாடலைப் பாடியதும் புலவர் மேலே செல்வதில்லை. தமிழும் மலையாளமும் கலந்த நடையில் பொருள் விரிக்கிறார். இலக்கணமும், சோதிடமும், கிளைக்கதைகளும் அதனுள் வந்து சேர்கின்றன. கதை காத்திருக்கும்! கம்பனின் பெருமை வேறு; காலமும் இடமும் விளைத்த தொலைவு வேறு என்பதை இப்புலவர்கள் நன்கு உணர்ந்தவர்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் நான். கம்பனினும் கடினமான வாக்கியங்களை அலுவலகச் சுற்றறிக்கைகளில் நாள்தோறும் காண்கிறேன். அவற்றை எவரும் கலை என்று போற்றியதில்லை. 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் பாரதியாரும் காவியத்திற்கு எளிமையையே வேண்டினார்.

எனினும், நள்ளிரவுக்குப்பின் மாடத்தின் முன்னே பெரும்பாலும் ஆளில்லை. கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர் கூத்தைச் சுருக்கிக் கோயிலுக்கு வெளியே கொணர்ந்தார். அவர் மைந்தர் இராமச்சந்திரப் புலவர் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இம்முயற்சி இல்லையேல் பிறமாநிலத்தார் இக்கலையை அறிந்திரார். ஆனால் சுருக்கும்போது முதலில் குறைவது பாவையன்று, உரையே. இந்த இழப்பு எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. வேற்றுமொழிப் பள்ளியிற் பயிலும் நம் பிள்ளைகள் கம்பனைக் கேட்டால் வேண்டுவது அவ்வுரைதான். கோயில் மாடத்திலோ, ஆளில்லா இரவிலும், தேவி கேட்கிறாள் என்று புலவர் அதனை முழுமையாகச் சொல்கிறார்.