பற்று, வரவு, அபாயம்: ஓசூரின் மின் ஸ்கூட்டர் கணக்கு

ஓசூரில் ஒரு உதிரிபாகப் பட்டறையில் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். எந்தச் செய்தியைப் படித்தாலும் இது பற்றா, வரவா என்றே மனம் கேட்கும். பருவநிலை மாற்றத்தைத் தடுக்க அரசு செய்யும் செலவையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

1970களில் சிப்காட் வந்தபின்தான் ஓசூர் தொழில் நகரமானது. பெங்களூர் பக்கத்திலேயே இருந்தது பெரிய வசதி. 1980இல் இங்கிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது. அசோக் லேலண்டும் அந்த ஆண்டு இங்கே ஆலை தொடங்கியது. அவற்றை நம்பிச் சுற்றிலும் பட்டறைகள் முளைத்தன. பிஸ்டன், கிளட்ச், கியர் என்று எஞ்சினுக்கு வேண்டிய சாமான்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டன.

அடுத்த திருப்பம் 2019. மின் வாகனங்களுக்கு மானியம் தரும் ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு மத்திய அரசு 10,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. செப்டம்பரில் தமிழ்நாடு தன் மின் வாகனக் கொள்கையை வெளியிட்டது. 2020 ஜனவரியில் டிவிஎஸ் ஐக்யூப் வந்தது. 2021 தொடக்கத்தில் ஏத்தர் நிறுவனம் கர்நாடக எல்லையைத் தாண்டி ஓசூரில் ஆலை திறந்தது. போச்சம்பள்ளி பக்கம் 2,400 கோடி முதலீட்டு அறிவிப்போடு ஓலா ஆலை எழுந்தது.

இவை வரவு. பற்றும் உண்டு. மானியம் நம் வரிப்பணம். மின் ஸ்கூட்டருக்குப் பிஸ்டனும் வேண்டாம், கார்புரேட்டரும் வேண்டாம், சைலன்சரும் வேண்டாம். அவற்றைக் கடைந்து கொடுத்த பட்டறைக்கு ஆர்டர் குறையும். போதாததற்கு, நாம் சார்ஜ் போடும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில்தான் வருகிறது. ஆனால் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக்கூட அதே ஸ்கூட்டரின் புகைக் கணக்கு குறையும். பெட்ரோல் வண்டிக்கு அந்த வழி இல்லை.

மூன்றாவது பத்தி அபாயம். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை ஒட்டி ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. ஏரி நிரம்பி வந்த வெள்ளம் சாலையோரம் நின்ற வண்டிகளை இழுத்துப் போனது. ஒரு புயலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பெய்யும்போது அது கொட்டித் தீர்க்கும்.

இந்த அபாயத்துக்கு விலை போட்டவர் பிரிட்டனின் நிக்கலஸ் ஸ்டெர்ன். உலக உற்பத்தியில் ஆண்டுக்கு 1 சதவீதம் செலவழித்தால் தடுக்கலாம், சும்மா இருந்தால் 5 சதவீதமாவது நஷ்டம் என்றார் 2006இல். நாளைய நஷ்டத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர அவர் எடுத்த வட்டி மிகக் குறைவு என்று மறுத்தார் அமெரிக்காவின் வில்லியம் நார்ட்ஹாஸ். 2018இல் நோபல் பெற்றவர் அவர். ஆனாலும் கரியமில வாயுவுக்கு விலை வைக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் சண்டையில்லை.

பட்டறைக்கு வருடாவருடம் தீ இன்ஷூரன்ஸ் கட்டுகிறோம். தீப்பிடிக்காத வருடங்களில் அதை யாரும் தண்டச் செலவு என்பதில்லை. பருவநிலைச் செலவும் அத்தகைய பிரீமியம்தான். பலன் ஊருக்கெல்லாம் போகிறது. பிரீமியத்தை மட்டும் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. புதிய ஆலைக்குச் சலுகை தரும் கை, பழைய லேத்துக்காரர் புதிய வேலை பழகவும் கொஞ்சம் நீளட்டும். அப்போதுதான் கணக்கு நேராகும்.