எழுத்துருவும் குறிச்சொல்லும்: தமிழில் வலைப்பக்கம் கட்டக் கற்ற வரலாறு

கமுதி, முதுகுளத்தூர் வட்டங்களின் வானம் பார்த்த நிலமும், கீழக்கரை, பனைக்குளம் போன்ற கரையோர ஊர்களின் கடல் கடந்த பிழைப்பும் சேர்ந்து அமைந்தது இராமநாதபுரம் மாவட்டத்தின் வாழ்க்கை.  இத்தகைய தமிழகச் சிறுநகரங்களுக்குக் கணினி பரவலாக வந்த காலத்தில், அதற்கு வழிவிட்டவை இரண்டு இடங்கள்: ஒன்று, லோயர், ஹையர் தேர்வுகளுக்கு மாணவரைத் தயார்செய்த தட்டெழுத்துப் பயிலகம், மற்றொன்று, கலியாணப் பத்திரிகையும் துண்டறிக்கையும் வடிவமைத்துத் தந்த டிடிபி கடை. அங்கே பழகிய விரல்களுக்குத் தமிழ் விசைப்பலகை தெரிந்திருந்தது; ஆனால் அந்த விரல்கள் எழுதியதை உலகம் முழுவதும் படிக்கும் ஒரு பக்கமாக மாற்றுவதற்கு வேறொரு கல்வி தேவைப்பட்டது. தமிழர்கள் அந்தக் கல்வியைப் பெற்ற விதம், ஆங்கிலத்தில் அதைக் கற்றவர்களின் அனுபவத்திலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது.

வலைப்பக்கத்தின் அடிப்படை மொழியான எச்டிஎம்எல், கணிப்பு எதையும் செய்யும் நிரல்மொழி அன்று. ஓர் உரையில் எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல், எந்தச் சொல்லைச் சொடுக்கினால் வேறு எந்தப் பக்கம் திறக்கும் என்பதைக் கோண அடைப்புக்குறிகளுக்குள் எழுதப்படும் டேக் எனும் குறிச்சொற்களால் உணர்த்தும் குறிமுறை அது. சுவிட்சர்லாந்தின் சேர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் இதன் முதல் குறிப்பை வெளியிட்டபோது குறிச்சொற்கள் இருபதுகூட இல்லை. இணைய உலாவியில் எந்தப் பக்கத்தின் மூலவரிகளையும் திறந்து பார்க்க முடியும் என்பதால், பிறர் கட்டிய பக்கத்தைப் பார்த்து நோட்பேடில் எழுதிப் பழகுவதே உலகெங்கும் முதன்மையான கற்றல் முறையாக இருந்தது. ஆசிரியரும் பாடநூலும் இல்லாமலேயே பரவிய தொழில் என்ற பெயர் அதற்கு வந்ததற்குக் காரணம் இதுவே.

தமிழ் இந்த ஊடகத்தில் ஏறியது சிங்கப்பூரில். 1995 அக்டோபரில் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிக் கவிதைகளையும் ஒரே தொகுப்பாக இணையத்தில் வெளியிட்டபோது, தமிழ்ப் பகுதியைத் திரையில் தோன்றச் செய்யும் பணியில் எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி ஈடுபட்டிருந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான் இந்தியாவில் விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. சேவை பெருநகரங்களில் மட்டும் இருந்தமையால், அவற்றுக்கு அப்பால் இருந்தவர்கள் தொலைபேசி வழியாக வெளியூர் எண்ணைச் சுழற்றி, எஸ்டிடி கட்டணம் கொடுத்தே இணையத்தைத் தொட முடிந்தது. ஆகவே தமிழ் வலைப்பக்கத்தின் தொடக்கக் கைவினைஞர்களில் பெரும்பாலோர் சிங்கப்பூர், மலேசியா, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் வாழ்ந்த தமிழர்களாக இருந்ததில் வியப்பில்லை.

இவர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடு குறிச்சொற்களில் இல்லை, எழுத்தில் இருந்தது. கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்து என்ற உடன்பாட்டுக்குக் குறியாக்கம் என்று பெயர். ஆங்கிலத்துக்கு அந்த உடன்பாடு 1960-களிலேயே அமைந்துவிட்டது. தமிழுக்கு உலாவிகள் ஏற்றுக்கொண்ட உடன்பாடு எதுவும் இல்லாததால், ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்கள் உருவாயின. ஈழத்தமிழரிடையே மிகுதியாகப் பரவி, தமிழகத்து டிடிபி கடைகளிலும் புழங்கிய பாமினி எழுத்துரு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழைய தட்டெழுத்துப் பொறியின் விசை வரிசையைப் பெரிதும் பின்பற்றிய அதில் 'தமிழ்' என்று தட்டினால், கணினியில் பதிவாவன ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளே. பாமினி நிறுவப்பட்ட கணினியில் அவை தமிழாகவும், நிறுவப்படாத கணினியில் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகவும் தோன்றும்.

எச்டிஎம்எல் கற்றவருக்கு இதனினும் நுட்பமான ஒரு சிக்கல் காத்திருந்தது. பாமினியில் 'ஈ' என்னும் எழுத்துக்குரிய விசை, குறிச்சொல்லைத் திறக்கும் இடப்பக்கக் கோணக்குறியே; காற்புள்ளிக்குரிய விசையோ குறிச்சொல்லை மூடும் வலப்பக்கக் கோணக்குறி. நோட்பேடில் 'ஈழம்' என்று தட்டிப் பக்கத்தைத் திறந்தால், உலாவி அந்த முதல் எழுத்தைக் குறிச்சொல்லின் தொடக்கமாகக் கொண்டு, அடுத்த காற்புள்ளியோ வேறொரு குறிச்சொல்லின் முடிவோ வரும் வரையிலான உரை முழுவதையும் திரையிலிருந்து மறைத்துவிடும். 'ஈ' வரும் ஒவ்வோர் இடத்திலும், கோணக்குறியை எழுத்தாகவே காட்டச் சொல்லும் மாற்றுக் குறியீட்டை (ஆம்பர்சண்ட், எல், டி, அரைப்புள்ளி) எழுத வேண்டும் என்பதை அறிந்தவரே பக்கத்தைப் பிழையின்றி முடிக்க முடிந்தது. ஆங்கிலத்தில் கற்றவர் கணிதக் குறிகள் வரும்போது மட்டும் நினைவுகூர வேண்டிய ஒரு விதி, தமிழில் கற்றவருக்கு முதல் நாள் பாடமாயிற்று.

இந்தக் கட்டத்தில் தமிழ்ப் பக்கங்கள் அனைத்தும் நம்பியிருந்த குறிச்சொல் 'ஃபாண்ட்'. அதற்கு மைக்ரோசாப்ட் தன் உலாவியில் சேர்த்த 'ஃபேஸ்' என்னும் பண்பில் எழுத்துருவின் பெயரைக் கொடுத்தால்தான் உரை தமிழாகத் தெரியும் என்பதால், ஒவ்வொரு பத்திக்கும், அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அதைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. இதில் ஒரு காலமுரண் உண்டு. உரையின் பொருளமைப்பை எச்டிஎம்எல்லும், அதன் தோற்றத்தைச் சிஎஸ்எஸ் என்னும் பாணித்தாளும் தனித்தனியே கவனிக்க வேண்டும் என்ற கொள்கையின்படி, 1997 டிசம்பரில் வெளிவந்த எச்டிஎம்எல் 4.0 தரம் 'ஃபாண்ட்' குறிச்சொல்லைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. தமிழ்ப் பக்கங்கள் பெருகத் தொடங்கிய ஆண்டுகளும் அவையே. உலகம் எதை விடச் சொன்னதோ, அதைப் பற்றிக்கொண்டால்தான் தமிழைப் படிக்க முடியும் என்ற நிலையில், ஒரு தலைமுறைத் தமிழ் வடிவமைப்பாளர்கள் தலைப்புக்குரிய குறிச்சொல்லைவிட எழுத்துருவின் பெயரையே அக்கறையுடன் கற்றனர்.

எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் என்ற குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சியும் சிங்கப்பூரிலேயே, 1997 மே மாதம் நடந்த தமிழிணைய மாநாட்டில் வடிவம் கொண்டது. முரசு அஞ்சலை உருவாக்கிய மலேசியாவின் முத்து நெடுமாறன், மயிலை எழுத்துருவை உருவாக்கிய, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் பங்கேற்ற தன்னார்வக் குழு திஸ்கி எனும் குறியாக்கத்தை வகுத்தது. ஆங்கில எழுத்துகளின் 128 இடங்களையும் தொடாமல் விட்டு, எஞ்சிய மேல் 128 இடங்களில் தமிழை அமைத்ததால், கோணக்குறியும் 'ஈ'யும் மோதிக்கொள்ளும் தொல்லை அதில் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்ற வேறு இரு குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. எனவே தரப்படுத்தல் குழப்பத்தைக் குறைத்ததே தவிர, ஒழிக்கவில்லை. நாளிதழ்களும் வார இதழ்களும் தத்தம் எழுத்துருவையே தொடர்ந்தன.

கற்கும் களமாக இந்தக் காலத்தில் பெரும்பணி செய்தது, 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரத்தை ஒருங்கிணைப்பாளராகக் கொண்டு தொடங்கிய மதுரைத் திட்டம். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் வெளியிட்ட அத்தன்னார்வ முயற்சியில், ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றொருவர் மெய்ப்புப் பார்க்க, வேறொருவர் வலைப்பக்கமாக்க என்று வேலை பகிரப்பட்டது. அலங்காரம் ஏதுமற்ற அதன் பக்கங்களில் தலைப்பு, வரிமுறிவு, பத்தி ஆகிய சில குறிச்சொற்களே போதுமானவையாக இருந்தன. அந்த எளிமையே பின்னர் அவற்றை ஒரு குறியாக்கத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதை எளிதாக்கியது.

எழுத்துருவைப் படிப்பவர் நிறுவிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தியது இயங்கு எழுத்துரு என்னும் நுட்பம். பக்கத்தோடு எழுத்துருக் கோப்பும் தானாக இறங்கித் திரையில் தமிழைக் காட்டும் இம்முறைக்கு, 1997-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் நான்காம் பதிப்பு 'இஓடி' எனும் கோப்பு வடிவத்தைத் தந்தது. பாக் நீரிணையின் வடகரையில் உள்ள அதிராம்பட்டினத்தைச் சேர்ந்தவரும் துபாயில் பணியாற்றியவருமான உமர்தம்பி (1953–2006) உருவாக்கிய தேனீ எழுத்துரு, இவ்வகையில் எண்ணற்ற தமிழ்த் தளங்களில் பயன்பட்டது. பாணித்தாளில் சில வரிகளைச் சேர்த்து, எழுத்துருக் கோப்பைத் தம் தளத்தில் ஏற்றினால் போதும் என்ற நிலை, கணினியைத் தொழிலாகக் கொள்ளாதவரையும் பக்கம் கட்டுபவராக்கியது. கடல் கடந்து பொருளீட்டிய கரையோரத் தமிழர் சமூகம் இணையத் தமிழுக்கு அளித்த கொடைகளில் இதற்குத் தனி இடம் உண்டு.

இறுதித் தீர்வு, உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு எனும் ஒருங்குறியிலிருந்து வந்தது. அதில் தமிழுக்கு 1991 முதலே இடம் இருந்தபோதிலும், விண்டோஸ் 2000 வெளிவந்த பிறகே சாதாரணக் கணினிகளில் அது தமிழாகத் தெரியத் தொடங்கியது. பழைய எழுத்துருக்களில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டுகளாகச் சேமிக்கப்பட்டது. ஒருங்குறியிலோ ககரமும் அதைத் தொடரும் ஒகர உயிர்க்குறியும் மட்டுமே சேமிக்கப்பட, கொம்பையும் காலையும் இருபுறமும் பிரித்து வரையும் வேலை கணினியிடம் விடப்பட்டது. உரை என்பது தோற்றத்திலிருந்து விடுபட்டதன் விளைவாக, தமிழ்ச் சொல்லைக் கொடுத்துத் தேடுபொறியில் தேடவும், 'ஃபாண்ட்' குறிச்சொல்லை மறக்கவும் முடிந்தது. தமிழக அரசு 2010 ஜூனில் ஒருங்குறியை அதிகாரப்பூர்வமாக ஏற்றது.

பள்ளிக்கல்வி இந்த மாற்றத்துக்குப் பின்தங்கியே வந்தது. நெடுங்காலம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் ஸ்டார் ஆபீசும் சி பிளஸ் பிளஸும் பாடமாக இருக்க, வலைப்பக்கம் கட்ட விரும்பியவர் தனியார் கணினி மையத்தையோ 'எளிய தமிழில்' என்ற பெயரில் வந்த கையேடுகளையோ நாடினார். 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழ் அத்தகைய பாடங்களை யாரும் பகிரத்தக்க உரிமத்தில் வழங்கியது. 2018-இல் அறிமுகமான புதிய பாடத்திட்டத்தில்தான், பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் எச்டிஎம்எல்லும் பாணித்தாளும் தனி இயல்களாக இடம்பெற்று, தமிழ்வழி மாணவருக்கும் கிட்டின.

இன்று அம்மாணவர் தம் பக்கத்தைத் தமிழாக்க எழுத வேண்டியவை இரண்டே குறிப்புகள்: மொழிப் பண்பில் தமிழைச் சுட்டும் 'டிஏ' என்பதும், குறியாக்கத்தில் 'யுடிஎஃப்-8' என்பதும். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுக்கால விவாதமும் உழைப்பும் அவ்விரு குறிப்புகளுக்குள் அடங்கிவிட்டன. ஆனால் அக்காலத்தில் எழுதப்பட்டவை அனைத்தும் அவற்றோடு சேர்ந்து கரையேறவில்லை. இலவசமாக இடமளித்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது அங்கிருந்த தமிழ்ப் பக்கங்களுக்கும் இருப்பிடம் இல்லாமற் போயிற்று. எஞ்சிய பழைய பக்கங்களிலோ, உரிய எழுத்துரு கிடைக்காதவிடத்துத் தமிழ் இருப்பதே தெரிவதில்லை. மதுரைத் திட்டத்தின் நூல்கள் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டமையால் நிலைத்தன. டிடிபி கடைகளில் பழைய எழுத்துருக்கள் இன்றும் புழங்குவதால், ஊர் மலரோ விழா மலரோ இணையம் ஏறுவதற்கு முன்னர் எழுத்துருமாற்றி வழியாகச் செல்ல வேண்டியிருக்கிறது. எந்த எழுத்துருவில் தட்டப்பட்டது என்று சொல்லத் தெரிந்த தட்டச்சாளர் இருக்கும்வரைதான் அந்த மாற்றமும் எளிது.