ஆப்ல தடுமாறினா தப்பு உங்க மேலயா? யூஎக்ஸ் வார்த்தைகள் ஒரு ரவுண்ட்!

புது ஆப்பில் எதையோ தொட்டுவிட்டு அப்பா விழிக்கிறார். ''உங்களுக்கு போன் யூஸ் பண்ணவே தெரியலப்பா''னு சொல்லியிருப்பீங்க. ஆனா, பல நேரம் தப்பு அப்பா மேல இல்லை, டிசைன் மேலதான்.

இது ஏதோ பெங்களூரு சமாச்சாரம்னு நினைக்காதீங்க. வாசுதேவநல்லூரில் பஸ் ஏறினா போய்வரக்கூடிய தூரத்தில், தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் இருக்கிறது ஜோஹோ அலுவலகம். 'ஜோஹோ டெஸ்க்' என்ற சாஃப்ட்வேர் அங்கே உருவானதுதான். அந்த உலகத்தில் புழங்கும் சில வார்த்தைகள் இங்கே...

யூஐ: திரையில் தெரியும் பட்டன், எழுத்து, நிறம்.

யூஎக்ஸ்: பயன்படுத்துபவருக்குக் கிடைக்கும் மொத்த அனுபவம். குற்றாலம் பஸ்ஸின் போர்டும் பெயின்ட்டும் யூஐ என்றால், சரியான ஸ்டாப்பில் இறங்கி அருவிக்குப் போய்ச் சேர்வது யூஎக்ஸ். 1990-களில் ஆப்பிளில் பணியாற்றிய டான் நார்மன் பிரபலமாக்கிய சொல் இது.

யூசர் ரிசர்ச்: புளியங்குடி எலுமிச்சை வியாபாரிக்கு ஆப் செய்யணுமா? முதலில் மார்க்கெட்டுக்குப் போய் அவர் வேலை பார்ப்பதைக் கவனிக்கணும். வெயிலில் திரை தெரியுதா, ஒரு கையால் இயக்க முடியுதா என்பதெல்லாம் அங்கேதான் புரியும்.

வயர்ஃப்ரேம், புரோட்டோடைப்: முன்னது, வீடு கட்டும் முன் போடும் பிளான் மாதிரி. பின்னது, தொட்டுப் பார்க்கக்கூடிய மாதிரி ஆப்.

யூசபிலிட்டி டெஸ்ட்: சிலரிடம் ஆப்பைக் கொடுத்து, சொல்லித் தராமல், எங்கே தடுமாறுகிறார்கள் எனப் பார்ப்பது. ஐந்து பேர் போதும், பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்பார் ஜேக்கப் நீல்சன்.

ஃபீட்பேக்: நாம் செய்தது நடந்ததா என ஆப் சொல்லும் பதில். கடையில் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் நல்ல உதாரணம்.

ஃப்ரிக்‌ஷன்: நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கும் தடை. எல்லாத் தடையும் கெட்டதல்ல. யூபிஐ பின் அப்படியொரு நல்ல தடை. பணம் அனுப்பத்தான் பின் வேணும். வாங்க வேண்டவே வேண்டாம். 'பணம் வரும், பின் போடுங்க'னு யாராவது சொன்னா, அது மோசடி!

டார்க் பேட்டர்ன்: நம்மை ஏமாற்றுவதற்கென்றே செய்த டிசைன். கேட்காமலே கார்ட்டில் சேரும் பொருள், ஒளித்து வைத்த 'கேன்சல்' பட்டன் எல்லாம் இந்த ரகம். 2010-ல் ஹாரி பிரிக்னல் வைத்த பெயர். இப்படி 13 வகைகளைப் பட்டியலிட்டு, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது. சிக்கினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு 1915-ஐ அழையுங்கள்.

அடுத்தமுறை அப்பா தடுமாறினா திட்டாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் நிற்கிறார்னு பாருங்க. அப்படியே, அந்த பின் விஷயத்தையும் சொல்லி வைங்க.