சேற்றிலே ஒரு திருவிழா

சிறு வயதில் நான் சொன்ன பொய்கள் அநேகம். அவற்றில் பெரும்பாலானவை மறந்துபோய்விட்டன. ஒரே ஒரு பொய் மட்டும், மழை பெய்யும்போதெல்லாம் அழைக்காமலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடத்துச் சாரணர் படையில் நான் ஓர் அணித் தலைவன். காற்பரீட்சை விடுமுறையில் காவேரிக் கரையிலுள்ள ஒரு மாந்தோப்புக்கு எங்களைப் பாசறைக்கு அழைத்துப் போனார்கள். என் பொறுப்பில் ஏழு பையன்கள். கூடாரம் அடித்து முடித்ததும் ஸ்கௌட் வாத்தியார் ஒவ்வோர் அணியிடமும் வந்து, "கூடாரத்தைச் சுற்றிச் சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டிவிடுங்கள்" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் கிடையாது. மண்வெட்டியோ ஒன்றே ஒன்று. அதற்காக மூன்று அணிகள் காத்திருந்தன. ஆற்றிலோ தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. குளிக்கப் போய்விட்டேன்.

அந்தி நேரத்தில் வாத்தியார் தூரத்தில் இருந்தபடியே, "வாய்க்கால் ஆச்சாடா?" என்று கேட்டார்.

"ஆச்சு, சார்!" என்றேன்.

நடுநிசிக்கு மேல் இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்த்தது. மற்றக் கூடாரங்களைச் சுற்றி ஓடிய தண்ணீர் எங்கள் கூடாரத்துக்குள் மட்டும் உரிமையோடு நுழைந்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஜமுக்காளத்தோடு நனைந்து, பல் கிட்டிப்போய் நடுங்கினான். வாத்தியார் அரிக்கன் விளக்கோடு ஓடிவந்தார். வாய்க்கால் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்முடைய கம்பளியை அந்தப் பையனுக்குப் போர்த்திவிட்டு, மண்வெட்டியை எடுத்துக் கொட்டுகிற மழையில் தாமே வெட்டத் தொடங்கினார். மறுநாள் பையனுக்கு ஜுரம்.

இந்தச் சொந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. இதே கதை உலகத்தின் மிகப் பெரிய சாரணர் பாசறைகள் இரண்டில், ஆயிரம் மடங்கு பெரிதாக நடந்திருக்கிறது. ஒன்றில் பையன்கள் சேற்றில் புரண்டு, சந்தோஷத்தோடு வீடு திரும்பினார்கள். மற்றொன்றில் பாசறையையே பாதியில் காலி செய்ய வேண்டியதாயிற்று. இரண்டுக்கும் நடுவே 94 வருஷங்கள்.

முதலாவதைப் பார்ப்போம்.

சாரணர் இயக்கத்தின் தந்தையான பேடன் பவல் 1907-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், இங்கிலாந்தின் தென் கரையிலுள்ள பிரவுன்ஸீ என்னும் சிறு தீவுக்குச் சுமார் இருபது பையன்களை அழைத்துப் போனார். பணக்காரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாதி, பக்கத்து ஊர்களின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பாதி. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த கூடு மான் கொம்பை ஊதி அவர்களைக் காலையில் எழுப்பினார். மறு வருஷம் அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது. அந்த இருபது பேர் விரைவில் பல லட்சம் பேரானார்கள்.

புத்தகம் வெளிவந்து 21 வருஷம் ஆனதைக் கொண்டாட 1929-இல் ஒரு ஜம்போரி கூட்டினார்கள். ஜம்போரி என்றால் சாரணர்களின் கும்பமேளா என்று வைத்துக்கொள்ளலாம். இடம், இங்கிலாந்தில் பர்க்கன்ஹெட் நகரத்தை ஒட்டிய ஆரோ பார்க். மெர்ஸி நதிக்கு அக்கரையில் லிவர்பூல். முப்பதுக்கு மேற்பட்ட தேசங்களிலிருந்து சுமார் 30,000 சாரணர்கள் வந்து சேர்ந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஜனங்கள் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல்.

அந்தக் கூட்டத்தில் இந்தியச் சாரணர்களும் இருந்தார்கள். இதில் நமக்குச் சற்றுப் பெருமைப்பட இடம் உண்டு. ஆரம்ப காலத்தில் இந்தியாவில் வெள்ளைக்காரப் பிள்ளைகள்தாம் சாரணராகலாம்; இந்தியப் பிள்ளைகளுக்குக் கதவு சாத்தியிருந்தது. அன்னி பெஸன்ட் அம்மையார் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்றே தனியாக ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். 1921-இல் பேடன் பவலே இந்தியாவுக்கு வந்தபோது, சாத்திய கதவு திறந்தது.

ஆரோ பார்க்குக்குத் திரும்புவோம். அங்கே அழைப்பிதழ் அனுப்பாமலே வந்து சேர்ந்த ஒரு விருந்தாளி மழை. வந்ததோடு நிற்காமல் பல நாள் தங்கியும்விட்டது. பச்சைப் புல்வெளியில் முப்பதாயிரம் ஜோடிக் கால்கள் நடந்தால் என்ன ஆகும்? இரண்டே நாளில் புல் மறைந்து சேறு தெரிந்தது. பிறகு சேற்றைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பூட்ஸ் போட்டவன் பூட்ஸை இழந்தான். போடாதவன் காலைத் தேடினான். அந்த விழாவுக்கே 'சேற்று ஜம்போரி' என்று பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் இந்தச் சேற்றைப் பற்றி அங்கே போய் வந்தவர்கள் பேசிய விதத்தைப் பாருங்கள்! தங்கள் வாழ்நாளின் பெரிய சம்பத்து அதுதான் என்பதுபோல் பேசினார்கள். ஒரு தேசத்தான் வண்டி புதைந்தால் பல தேசத்தார் தோள் கொடுத்தார்கள். பாஷை தெரியாதவர்களுக்குள் சிநேகம் உண்டாக, சேற்றில் வழுக்கி விழுவதைவிடச் சுருக்கு வழி கிடையாது. விழுந்தவனும் சிரிப்பான், பார்த்தவனும் சிரிப்பான், சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. வேல்ஸ் இளவரசர் சாரண உடை தரித்து அங்கே வந்தார். பேடன் பவலுக்குப் பிரபுப் பட்டம் கிடைத்திருக்கும் செய்தி வெளியானதும் அங்கேதான். பையன்களுக்கு மழை, பெரியவர்களுக்குக் கூரை என்ற ஏற்பாடு அங்கே இல்லை.

அந்த விழாவில் பேடன் பவலுக்கு ஏதாவது பரிசு கொடுக்க வேண்டுமென்று சாரணர்கள் விரும்பினார்களாம். என்ன வேண்டும் என்று அவருடைய மனைவியின் மூலம் தந்திரமாக விசாரித்தார்கள். யோசித்துப் பார்த்துவிட்டு, கால்சட்டையைத் தூக்கிப் பிடிக்கும் தோள்வார் ஒரு ஜோடி வேண்டுமானால் தேவைப்படும் என்றார் மனிதர்! உலகமெங்கும் சாரணர்கள் ஆளுக்கு ஒரு பென்னியாகச் சேர்த்த பணம் தோள்வாருக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்ததால், ஒரு ரோல்ஸ் ராய்ஸ் காரும், அதன் பின்னால் இழுத்துச் செல்லும் ஒரு வீட்டு வண்டியும் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் காருக்குப் பையன்கள் 'ஜாம் ரோல்' என்று பெயர் வைத்தார்கள். ஜம்போரியிலிருந்து ஜாம், ரோல்ஸ் ராய்ஸிலிருந்து ரோல். அது ஒரு தின்பண்டத்தின் பெயரும்கூட. நனைந்த பையனுக்கும் பசி தின்பண்டத்தின் மேல்தானே இருக்கும்?

கடைசி நாளன்று சாரணர்கள் ஒரு பெரிய சக்கரத்தின் ஆரங்களைப்போல் அணிவகுத்து நின்றார்கள். நடு மையத்தில் பேடன் பவல். போருக்கும் பகைக்கும் அடையாளமாக ஒரு கோடரியை அவர் ஒரு பீப்பாய்க்குள் புதைத்தார். பிறகு சமாதானத்தின் அடையாளமாகப் பொன் முலாம் பூசிய அம்புகளைக் கொடுத்தார். ஆரங்களின் வழியே கைக்குக் கை மாறி, அந்த அம்புகள் தேசத்துக்கு ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன.

பத்து வருஷம் கழித்து, 1939-இல், உலகம் அந்தக் கோடரியைத் தோண்டி எடுத்துவிட்டது. பதினான்கு வயதில் பொன் அம்பைக் கை மாற்றியவனுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. பட்டாளத்துக்குப் பொருத்தமான வயது. தோண்டி எடுத்தவர்கள் அந்தப் பையன்களா? இல்லை, அவர்களுடைய பெரியவர்கள். பிள்ளைகள் ஒழுங்காகச் செய்து வைத்ததைப் பெரியவர்கள் கெடுப்பது உலகத்தில் புதிதல்ல.

இனி இரண்டாவது பாசறைக்கு வருவோம். 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம். தென் கொரியாவின் மேற்குக் கரையில் சேமன்கும் என்ற இடம். கடலுக்குக் குறுக்கே 33.9 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்பி, சேற்றுக் கடலைத் தரையாக்கிய இடம் அது. 25-வது உலக ஜம்போரிக்கு 150-க்கும் மேற்பட்ட தேசங்களிலிருந்து சுமார் 43,000 பேர் வந்தார்கள். சாரணர்களில் பெரும்பாலோர் 14 முதல் 17 வயதுக்கு உட்பட்டவர்கள்.

அந்த இடத்தைக் கற்பனை செய்து பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டையான வெளி. மருந்துக்கு ஒரு மரம் இல்லை. முன்பு பெய்த மழைநீர் வடியாமல் ஆங்காங்கே தேங்கி நின்றது. ஈர மண்ணின் மேல் பிளாஸ்டிக் தட்டுகளைப் போட்டு, அவற்றின் மேல் கூடாரம் அடித்தார்கள். மேலே 35 டிகிரி வெயில்; கீழே கொசுவும் பூச்சியும். நிழலுக்கென்று போட்டிருந்த கொடிப் பந்தல்கள் 43,000 பேருக்கு எந்த மூலைக்குக் காணும்? முதல் சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வெப்பத்தால் சுருண்டு விழுந்தார்கள். கழிப்பறைகளின் நிலையை இங்கே எழுதாமல் விடுவதே மரியாதை.

பிரிட்டனிலிருந்து வந்த 4,500 பேர்தான் மிகப் பெரிய குழு. அந்தப் பிள்ளைகள் ஆளுக்குச் சுமார் 3,500 பவுன் சேர்த்துக்கொண்டு, பல மாதங்கள் கனவு கண்டு வந்தவர்கள். ஆகஸ்டு 5-ஆம் தேதி அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஸியோல் நகரத்து ஹோட்டல்களுக்குப் போகத் தொடங்கினார்கள். அமெரிக்கர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் பாசறையை விட்டுக் கிளம்பினார்கள். மிச்சமிருந்தவர்களைக் கிளப்ப ஒரு புயல் வந்தது. அதற்குப் பெயர் கானூன். தாய்லாந்து பாஷையில் பலாப்பழம் என்று அர்த்தமாம். அந்தப் பலாப்பழம் தலையில் விழுவதற்கு முன்னால், ஆகஸ்டு 8-ஆம் தேதி, ஆயிரத்துக்கு மேற்பட்ட பஸ்களில் பிள்ளைகளை ஏற்றித் தேசமெங்கும் விடுதிகளுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பிவைத்தார்கள். பாசறை காலி.

அப்போது சில பெரியவர்கள், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கஷ்டம் தாங்காது, குளிர்சாதன அறையில் வளர்ந்தவர்கள்" என்று பேசினார்கள். சாரணன் என்றால் கஷ்டத்தைச் சகிக்க வேண்டாமா என்றும் கேட்டார்கள். நானும் ஒரு விநாடி அப்படி நினைத்ததுண்டு. பிறகுதான் மாந்தோப்பு ஞாபகம் வந்தது.

அந்த இடம் ஜம்போரிக்குத் தீர்மானமானது 2017-இல். வாய்க்கால் வெட்ட ஆறு வருஷம் இருந்தது. 2022-இல் நடப்பதாக இருந்த முன்னோட்டப் பாசறையும் ரத்தாகிவிட்டது. பிறகு தென் கொரியாவின் தணிக்கை வாரியம் விசாரணை நடத்தி, 2025-இல் அறிக்கை வெளியிட்டது. ஏற்பாட்டுக் குழுவிலிருந்து அரசாங்க இலாகாக்கள் வரை பல இடங்களில் தவறு நடந்ததாக அது சொல்லியது. அதில் ஒரு விஷயம் என்னைச் சுட்டது. வசதிகள் முழுமையாக முடியாமல் இருக்கும்போதே, முடிந்துவிட்டதாக அமைச்சரவைக் கூட்டத்தில் தகவல் சொல்லப்பட்டதாம்.

"ஆச்சு, சார்!"

அந்த மாந்தோப்பில் நான் சொன்ன அதே வார்த்தை. எனக்கு அப்போது வயது பதினான்கு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அவர்களுக்கு என்ன சமாதானம் இருக்கிறது?

சாரணர்களின் மந்திரம் 'தயாராயிரு' என்பது. அதைப் பிள்ளைகளுக்கு மட்டும் சொன்ன மந்திரமாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வானத்திலிருந்து விழும் மழையைப் பிள்ளைகள் தாங்குவார்கள். ஆரோ பார்க்கில் சிரித்துக்கொண்டே தாங்கினார்கள். சேமன்குமில் விழுந்தது வானத்துக் கஷ்டம் பாதி, பெரியவர்கள் சோம்பலில் விட்டுவைத்த கஷ்டம் பாதி. அந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சகித்துக்கொள்வதற்குத் தைரியம் என்று பெயர் வைப்பது, வெட்டாத வாய்க்காலுக்குக் கணக்கு எழுதுவது மாதிரிதான்.

இத்தனைக்கும், சேமன்கும் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? வெயிலிலும் சின்னங்களையும் கழுத்துக்குட்டைகளையும் மாற்றிக்கொண்டு சிநேகம் பிடித்தார்கள். ஆகஸ்டு 11-ஆம் தேதி ஸியோல் மைதானத்தில் கூடி ஆடிப் பாடிவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் பெரியவர்களை மன்னிக்கிற வேகம் ஆச்சரியமானது. சில சமயம் அந்த வேகமே பயமாக இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில், தலை நரைத்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, என்னைத் தெரியுதா?" என்று கேட்டார். அன்றைக்கு நனைந்து நடுங்கிய ஆறாம் வகுப்புப் பையன்! மாந்தோப்பைப் பற்றி ஆசையாகப் பேசினார். "வாத்தியார் கம்பளி என்ன கதகதப்பு, அண்ணே! அந்த மாதிரி ஒரு ராத்திரி அப்புறம் வாழ்க்கையில் வரவே இல்லை" என்றார்.

வாய்க்காலைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. அதற்குள் பந்தியில் இலை போட்டுவிட்டார்கள்.