ஆலை விபத்து மரண நஷ்டஈடு (இந்தியா)

வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்தில் உயிரிழந்த தொழிலாளியின் குடும்பத்தார், முதலாளியின் குற்றத்தை நிரூபிக்க வேண்டிய அவசியமின்றியே பெறத்தக்க பரிகாரத்தை 2025 வரை அமலிலிருந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் ஏற்படுத்திற்று. இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை, அவர் வயதுக்கேற்ப அட்டவணையில் விதிக்கப்பட்ட எண்ணால் பெருக்கி வரும் தொகையே நஷ்டஈடாக இருந்தது. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் குறைந்த அளவை 1,20,000 ரூபாயாக்கியது.

தொழிலாளி மதுமயக்கத்திலிருந்தார் என்றோ, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார் என்றோ முதலாளி எழுப்பும் ஆட்சேபம் காயத்துக்குச் செல்லுமேயன்றி மரணத்துக்குச் செல்லாது என்பது இச்சட்டத்தின் கருணை மிக்க அம்சமாக இருந்தது. விதவையின் துயரத்தையும் அறியாமையையும் பயன்படுத்திக்கொண்டு, சொற்பத் தொகையை அவர் கையில் கொடுத்து விவகாரத்தை முடித்துவிட இடமிராதபடி, பணத்தை நஷ்டஈட்டு ஆணையரிடமே செலுத்த வேண்டுமென்று விதித்திருந்ததும் அத்தகையதே; முதலாளி நேரே கொடுத்தது, மூன்று மாதச் சம்பளத்துக்கு மேற்படாத முன்பணம் நீங்கலாக, நஷ்டஈடாகக் கருதப்படவில்லை. ஒரு மாதத்துக்குள் செலுத்தத் தவறினால் 12 சதவீத வட்டியும், தாமதத்துக்குத் தக்க காரணமில்லையேல் பாதித்தொகை வரை அபராதமும் சேர்ந்தன. விண்ணப்பத்துக்கு இரண்டாண்டுக் காலக்கெடு இருந்தது. போதிய காரணமிருப்பின் ஆணையர் தாமதத்தை மன்னிக்க முடிந்தது.

சிவில் நீதிமன்றத்தில் முதலாளி மீது வழக்குத் தொடுப்பதும் சாத்தியமாகவே இருந்தது. எனினும் ஒரே விபத்துக்கு இரு வழிகளிலும் ஈடு பெற இயலவில்லை. 1948ஆம் ஆண்டு ஊழியர் அரசுக் காப்பீட்டு (ஈ.எஸ்.ஐ.) சட்டப்படி காப்பீடு பெற்றவர் இறந்தால், இந்நஷ்டஈட்டுக்குப் பதிலாகக் குடும்பத்தார்க்கு மாதந்தோறும் சார்ந்தோர் உதவித்தொகை கிடைத்தது.